கைக்கு எட்டாத இடத்தில் கொஞ்சம் பணம்

"ஓய்வுக்காலத்துக்கு எதுல பணம் போட்டா நல்லதுங்க?"

தெரிந்தவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். கோவையில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்கு பார்ப்பது என் வேலை. ஆட்கள் சேரும்போது பி.எஃப். கணக்கில் பெயர் ஏற்றுவது, விலகும்போது செட்டில்மென்ட் போடுவது, 58 முடிந்தவர்களுக்குப் பென்ஷன் படிவம் நிரப்புவது எல்லாம் என் மேஜையில்தான் நடக்கும். அதனால் கேட்கிறார்கள். நான் சொல்லும் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எதில் போடுவது என்பது இரண்டாவது கேள்வி. போட்டதை வேலையை விட்டு இறங்கும் நாள் வரை எடுக்காமல் எப்படி வைத்திருப்பது என்பதுதான் முதல் கேள்வி.

சாதாரணச் சம்பளக்காரர்களின் முதுமைப் பணம் வட்டி குறைந்ததால் காணாமல் போய் நான் பார்த்ததில்லை. நடுவில் எடுத்ததால் காணாமல் போனதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எடுத்தவர்கள் யாரும் ஊதாரிகள் இல்லை. தங்கச்சி கல்யாணம், பையனுக்கு காலேஜ் ஃபீஸ், அப்பாவுக்கு ஆபரேஷன், வீட்டு அட்வான்ஸ், தாய்மாமன் சீர். ஒவ்வொன்றும் நியாயமான செலவு. ஆனால் நியாயமான செலவுகள் வரிசையாக வந்து 58 வயதில் கணக்கைத் துடைத்துவிட்டுப் போகின்றன. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப் போவது அந்த ஒரு விஷயத்தைத்தான்.

சம்பளச் சீட்டில் ஏற்கனவே இருக்கும் கணக்கு

முதலில் பிடித்தத்தைப் பார்ப்போம். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 15,000 ரூபாய் வாங்குகிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பி.எஃப்.புக்குப் பிடிக்கிறோம். கம்பெனியும் அதே 1,800 கட்டுகிறது. ஆனால் கம்பெனி கட்டுவது முழுசாக பி.எஃப்.பில் சேராது. அதில் சம்பளத்தின் 8.33 சதவீதம், அதாவது 1,250 ரூபாய், பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடும். மீதி 550 ரூபாய்தான் பி.எஃப்.பில் சேரும். ஆக மாதம் 2,350 ரூபாய் அவர் பெயரில் ஏறுகிறது.

2024-25ஆம் ஆண்டுக்கு இதற்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம். வட்டி வருடா வருடம் மாறும். அதனால் கொஞ்சம் குறைத்தே 8 சதவீதம் என்று வைப்போம். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாமல், 30 வருடம் இந்த 2,350 மட்டும் ஏறிக்கொண்டே இருந்தால் கடைசியில் 33 லட்சத்தை ஒட்டி நிற்கும். சம்பளம் ஏற ஏற இன்னும் கூடும். மாதம் 1,800 பிடிப்பதைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

போன வருடம் ஒரு சி.என்.சி. ஆபரேட்டர் வேலையை விட்டுவிட்டு வேறு கம்பெனிக்குக் கிளம்பினார். எங்களிடம் அஞ்சு வருடம் வேலை செய்தவர். நல்ல கை. கணக்கு முடிக்க வந்து நின்றவர் முதலில் கேட்டதே, "ஏனுங்க்கா, பி.எஃப். பணத்தை எப்ப எடுக்கலாங்க? வண்டி ஒண்ணு எடுக்கோணும்" என்பதுதான்.

"உட்காருங்க தம்பி" என்று சொல்லி அவருடைய பாஸ்புக்கைத் திறந்தேன். அதில் மூன்று பத்தி இருக்கும்: ஊழியர் பங்கு, நிறுவனப் பங்கு, பென்ஷன் பங்கு. முதல் இரண்டையும் கூட்டினால் 1,70,000 சொச்சம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு தாளை எடுத்து, "இதுக்கு மேல ஒரு பைசா போடாம இதை மட்டும் இன்னும் 25 வருஷம் விட்டு வெச்சா என்ன ஆகும்னு பாருங்க" என்று 8 சதவீதத்தில் போட்டுக் காட்டினேன். கிட்டத்தட்ட 12 லட்சம். அந்தத் தாளை எடுத்து இரண்டு தடவை பார்த்தார். "வட்டிக்கு வட்டி போடறதாலயாங்க்கா?" என்றார். "வட்டிக்கு வட்டிதான். ஆனா நீங்க கை வெக்காம இருந்தாத்தான் அது வேலை செய்யும்" என்றேன்.

பிறகு மூன்றாவது பத்தியைக் காட்டினேன். பென்ஷன் பங்கு அது. பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷனுக்குத் தகுதி. அதற்கு முன் படிவம் 10சி போட்டு அந்தப் பணத்தை எடுத்துவிட்டால் அஞ்சு வருட சர்வீஸும் கணக்கை விட்டுப் போகும். அடுத்த கம்பெனியில் முதல் வருடத்திலிருந்து எண்ண வேண்டும். அவர் எடுக்கவில்லை. யு.ஏ.என். என்கிற பி.எஃப். உறுப்பினர் எண்ணை வைத்துப் பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தோம். புது இடத்தில் முதல் போனஸ் வந்ததும் அதில் முன்பணம் கட்டி வண்டி எடுத்துவிட்டதாகப் பிறகு போனில் சொன்னார்.

வேலை மாறும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான். கம்பெனி மாறலாம், கணக்கு மாறக்கூடாது. யு.ஏ.என். ஆயுசுக்கும் ஒன்றே. அஞ்சு வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் வரியும் விழும். மாற்றிக்கொண்டால் பழைய சர்வீஸும் சேர்த்தே எண்ணப்படும்.

இன்னொன்று, நாமினி. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரையோ தம்பி பெயரையோ போட்டது கல்யாணத்துக்குப் பின் செல்லாது. புதிதாகப் போட வேண்டும். பி.எஃப்.போடு சேர்ந்து 7 லட்சம் வரை காப்பீடும் இருக்கிறது. அதற்கு உங்கள் சம்பளத்தில் எதுவும் பிடிப்பதில்லை. வேலையில் இருக்கும்போதே ஒருவர் தவறிவிட்டால் குடும்பத்துக்கு அது பெரிய ஆதரவு. நாமினி சரியாக இல்லாத வீடுகளில் அந்தப் பணத்துக்காக வாரிசுச் சான்றிதழ் வாங்கப் பெண்கள் அலைவதைப் பார்க்கவே முடியாது. இன்றைக்கே ஆன்லைனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் மட்டும் போதுமா?

போதாது. கணக்கு எளிமையானது. பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வருடம் வேலை செய்தவருக்கு இரண்டு வருடம் போனஸ் சேர்த்து 32 என்று எடுத்தால் மாதம் 6,857 ரூபாய் வரும். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு அதில் பாதி. இது விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பென்ஷனும் இல்லை.

விலைவாசியோ நிற்காது. வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் விலை இரட்டிப்பாகும். இன்றைக்கு மாதம் 20,000 ரூபாயில் ஓடும் ஒரு குடும்பம் 25 வருடம் கழித்து அதே அரிசி, அதே பால், அதே மருந்துக்கு 86,000 ரூபாய் வரை செலவழிக்க வேண்டியிருக்கும். எனவே பி.எஃப்.பை அப்படியே விட்டுவைப்பதோடு, அதற்கு மேல் கொஞ்சம் நாமே சேர்த்தாக வேண்டும்.

எடுக்காமல் இருக்க என்ன வழி

"எடுக்காதீங்க" என்று சொல்வது சுலபம். ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொல்லும்போது யாராக இருந்தாலும் இருக்கிற பணத்தைத்தான் எடுப்பார்கள். ஆகவே கிட்டத்துச் செலவுக்குக் கிட்டத்திலேயே தனிப் பணம் வேண்டும். அது இருந்தால்தான் தூரத்துப் பணம் தப்பும்.

முதலில் ஆறு மாதச் செலவு. ஒரேயடியாக முடியாது. ஆர்.டி.யாகக் கட்டிச் சேர்த்து, பிறகு எஃப்.டி.யில் வைக்கலாம். வேலை போனாலும், மெஷின் நின்றாலும் இதைத்தான் தொட வேண்டும்.

அடுத்தது மருத்துவம். சம்பளம் 21,000 வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. அந்த வரம்பைத் தாண்டும் மாதமே குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிட வேண்டும். சம்பளம் ஏறிய சந்தோஷத்தில் இந்த இடைவெளியை நிறையப் பேர் கவனிப்பதில்லை.

மூன்றாவது, உயிருக்குக் காப்பீடு. உங்களை நம்பி ஆட்கள் இருந்தால் டெர்ம் பாலிசி ஒன்று போதும். இறந்தால்தான் பணம், இருந்தால் எதுவும் வராது என்பதாலேயே பிரீமியம் குறைவு. எண்டோவ்மென்ட், மணிபேக் மாதிரியான பாலிசிகளில் காப்பீடும் சிறிசாக இருக்கும், பெருக்கமும் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தைத் தாண்டாது. காப்பீட்டைக் காப்பீடாகவும் சேமிப்பைச் சேமிப்பாகவும் தனித்தனியே வைத்துக்கொள்வதே நல்லது.

நான்காவது, தேதி தெரிந்த செலவுகள். பிள்ளை எந்த வருடம் பிளஸ் டூ முடிக்கும் என்பது இன்றைக்கே தெரியும். அதற்கு இப்போதே தனியாகச் சேர்க்க வேண்டும். ஏலச்சீட்டு நம் ஊரில் இதற்குத்தான் பயன்படுகிறது. 1982ஆம் ஆண்டின் சிட் ஃபண்ட் சட்டப்படி பதிவான சீட்டா என்று மட்டும் கேட்டுப் பார்த்துச் சேருங்கள். தெரிந்தவர் என்பதற்காகப் பதிவில்லாத சீட்டில் சேர வேண்டாம்.

நகையையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். அவசரத்துக்கு அடகு வைக்கலாம், விசேஷத்துக்குப் போடலாம். ஆனால் நம் வீடுகளில் நகை கடைசியில் மகளுக்கோ மருமகளுக்கோ போகிறது. செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கியதை விற்கும்போது அந்தக் காசு திரும்பி வராது. அதை முதுமைப் பணமாகக் கணக்கில் எழுத முடியாது. குடியிருக்கும் வீடும் அப்படித்தான். வாடகையை மிச்சம் பிடிக்கும். மளிகைக் கடைக்குப் பணம் தராது.

மேலே சேர்ப்பது எங்கே

இந்த நாலும் ஓரளவு நின்ற பிறகு தூரத்துப் பணத்துக்கு வருவோம். நான் இரண்டு இடம் சொல்வேன்.

ஒன்று, அசல் ஆடாத இடம். பி.எஃப்.பில் 12 சதவீதத்துக்கு மேலும் விருப்பப்பட்டுப் பிடிக்கச் சொல்லலாம், அதற்கும் அதே வட்டி. சம்பளப் பிரிவில் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். உங்கள் பங்கு வருடம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால்தான் அதிகப்படியின் வட்டிக்கு வரி. பி.எஃப். இல்லாதவர்களுக்கு பி.பி.எஃப். இருக்கிறது. தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். வருடம் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம். மாதம் 5ஆம் தேதிக்குள் போட்டால் அந்த மாதத்துக்கும் வட்டி சேரும். 15 வருடம் கட்டிப்போடுகிறதே என்று சிலர் தயங்குவார்கள். நான் அதையே பெரிய நன்மையாகப் பார்க்கிறேன். சுலபமாக எடுக்க முடியாததால்தான் அது மிஞ்சும். கோர்ட் மூலம் கடன்காரர்களும் அதைப் பறிமுதல் செய்ய முடியாது.

இன்னொன்று, விலைவாசியை ஜெயிக்கும் இடம். அதற்குப் பங்குச் சந்தையில்தான் வாய்ப்பு அதிகம். தனித்தனிப் பங்கைத் தேடி நாம் அலைய வேண்டாம். நிஃப்டி 50இல் இருக்கும் ஐம்பது பெரிய கம்பெனிகளையும் அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி. போட்டால் போதும்.

வாங்கும்போது 'டைரக்ட்' திட்டமா என்று பாருங்கள். 2013 ஜனவரியிலிருந்து எல்லா ஃபண்டுகளிலும் இது உண்டு. இடையில் கமிஷன் போகாததால் செலவு குறைவு. சிறிய வித்தியாசம்தானே என்று விட்டுவிடாதீர்கள். மாதம் 5,000 ரூபாயை 25 வருடம் போட்டால் 10 சதவீதத்தில் 66 லட்சம் வரும், 9 சதவீதத்தில் 56 லட்சம்தான் வரும். ஒரே ஒரு சதவீதத்துக்குப் பத்து லட்சம்! இந்தச் சதவீதங்கள் நான் கணக்குக்கு வைத்தவை. சந்தை யாருக்கும் உறுதி தருவதில்லை.

இறங்கவும் செய்யும், பயங்கரமாகவே இறங்கும். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே வருடம் அக்டோபரில் 10,000க்குக் கீழே வந்தது. 2020 ஜனவரியில் 42,000இல் இருந்தது மார்ச் 23 அன்று 26,000க்கும் கீழே போனது. அந்த வருடம் முடிவதற்குள் 47,000ஐத் தாண்டியது. மார்ச்சில் பயந்து விற்றவர்கள் நஷ்டத்தை உறுதி செய்துகொண்டார்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆனால் எல்லாச் சரிவும் ஒரே வருடத்தில் மீளாது. அதனால்தான் பத்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இங்கே கொண்டுவர வேண்டாம் என்கிறேன். ஓய்வுக்கு அஞ்சு வருடம் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அசல் ஆடாத இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எப்போது தொடங்குவது, எவ்வளவு போடுவது

அதே 5,000 ரூபாய், அதே 10 சதவீதம். 25 வயதில் தொடங்கினால் 60இல் ஒரு கோடியே தொண்ணூறு லட்சம். 35இல் தொடங்கினால் 66 லட்சம். 45இல் தொடங்கினால் 20 லட்சத்துக்குச் சற்று மேல்.

தொகைகளைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். 6 சதவீத விலையேற்றத்தைக் கழித்தால் 35 வருடம் கழித்து வரும் அந்த ஒரு கோடியே தொண்ணூறு லட்சம் இன்றைய மதிப்பில் 25 லட்சம்தான். விளம்பரங்களில் இந்த வரியைப் போடமாட்டார்கள். அதனால் 5,000இல் தொடங்கி 5,000இலேயே நின்றால் பற்றாது. வருடா வருடம் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். சம்பளம் 2,000 ஏறினால் அந்த மாதமே எஸ்.ஐ.பி.யையோ பி.எஃப். பிடித்தத்தையோ 1,000 ஏற்றிவிடுங்கள். கைக்கு வந்து பழகாத பணத்தை ஒதுக்குவது வலிக்காது. மூன்று மாதம் செலவழித்துப் பழகிவிட்டால் பிறகு முடியாது.

45 வயதுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சோர்ந்துவிட வேண்டாம். இந்த வயதில் சம்பளம் கூடியிருக்கும். வீட்டுக் கடன் முடியும் மாதம் வரும். அந்தத் தவணைத் தொகையை அப்படியே சேமிப்புக்குத் திருப்பினால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் நல்ல தொகை சேரும்.

பி.எஃப். இல்லாதவர்கள்

டெய்லரிங் செய்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள். இவர்களுக்குப் பிடித்தம் செய்ய யாரும் இல்லை. அடல் பென்ஷன் திட்டம் 2015இல் வந்தது இவர்களுக்காகத்தான். 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். 60க்கு மேல் மாதம் 5,000 வரை பென்ஷன். 18 வயதில் சேர்ந்தால் 5,000 பென்ஷனுக்கு மாதம் 210 ரூபாய். 40 வயதில் சேர்ந்தால் அதே பென்ஷனுக்கு 1,454 ரூபாய். வருமான வரி கட்டுபவர்கள் 2022 அக்டோபரிலிருந்து இதில் சேர முடியாது. அவர்களுக்குத் தேசியப் பென்ஷன் திட்டமான என்.பி.எஸ். இருக்கிறது, அது 2009லிருந்தே எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

மனைவி பெயரில் ஒரு பி.பி.எஃப். கணக்கோ அடல் பென்ஷனோ கட்டாயம் தொடங்குங்கள். நம் குடும்பங்களில் கணவருக்குப் பிறகு பல வருடம் தனியாக வாழ்பவர் பெரும்பாலும் மனைவிதான். அவர் பெயரில் பணம் இருப்பது அவருக்குத் தைரியம்.

கையில் மொத்தமாக வரும் நாள்

இவ்வளவும் காப்பாற்றிய பணம் ஓய்வு பெற்ற முதல் வருடத்தில் போய்விடுவதும் உண்டு. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் வங்கியில் ஏறிய செய்தி எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிடும். அதிக வட்டி ஆசை காட்டுபவர்கள் வீடு தேடி வருவார்கள். பெருந்துறை பக்கம் ஈமு கோழிப் பண்ணையில் பணம் போட்டவர்கள் 2012இல் பட்ட பாடு நம் பகுதியில் யாருக்கும் மறந்திருக்காது. வங்கி தருவதைவிட இரண்டு மூன்று மடங்கு வட்டி என்று யார் சொன்னாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

60 முடிந்தவர்களுக்குத் தபால் அலுவலகத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம். இப்போது வட்டி 8.2 சதவீதம். முழுத் தொகையும் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் ஏறும். அசல் அரசாங்கத்திடம் பத்திரம். முதலில் அங்கே போட்டுவிட்டு, பிறகு நிதானமாக மற்றதை யோசிக்கலாம்.

பிள்ளைகள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளவும் செய்வார்கள். ஆனால் நமக்கு 60 ஆகும்போது அவர்களுக்கு முப்பது முப்பத்தைந்து இருக்கும். கைக்குழந்தை, வாடகை, ஸ்கூல் ஃபீஸ் என்று அவர்கள் வாழ்க்கையிலேயே நெருக்கடியான வயது அது. படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்கும், வீட்டுக்கு வீட்டுக் கடன் கிடைக்கும். முதுமைக்கு எந்த வங்கியும் கடன் தராது. ஆகவே கல்யாண மண்டபத்தைக் கொஞ்சம் சிறிதாகப் பிடித்தாவது பி.எஃப்.பைத் தொடாமல் விட்டுவைப்பதை யாரும் சுயநலம் என்று சொல்ல முடியாது. அவர்கள் தோளில் ஏறாமல் இருப்பதும் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் சீர்தான்.

இந்த மாதச் சம்பளச் சீட்டு வந்ததும் மூன்று வேலை செய்யுங்கள். பாஸ்புக்கைத் திறந்து எல்லாப் பழைய கம்பெனிப் பணமும் ஒரே யு.ஏ.என்.னில் வந்திருக்கிறதா பாருங்கள். நாமினியைச் சரிபாருங்கள். சம்பளம் ஏறும் தேதியிலேயே, அது ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு தொகை தானாகப் பிடிபட ஏற்பாடு செய்யுங்கள். பிறகு அடுத்த அவசரம் வரும்போது முதலில் எந்தக் கணக்கில் கை வைக்க வேண்டும், எதில் வைக்கவே கூடாது என்று வீட்டில் இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள். அவசரம் வந்த பிறகு அதை யோசிக்க நேரம் இருக்காது.